கிளாஸ் திறன்களுக்கு வீட்டு விதி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கதைப் பாத்திரங்களாகப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நடத்துகிறவர்களும் (டிஎம்) அதில் புதிதாகச் சேர்கிறவர்களும் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒரே பதினெட்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடுகின்றன. அவற்றுக்குத் தனித்தனியே பதில் சொல்லிச் சலித்தபின் இப்படித் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். கிளாஸ் என்பது வாள்வீரர் (ஃபைட்டர்), மந்திரவாதி (விசர்ட்) போன்ற பாத்திர வகை; லெவல் என்பது அந்தப் பாத்திரத்தின் வளர்ச்சிப் படி. எண்கள் எல்லாம் 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பைச் சேர்ந்தவை. 2024ஆம் ஆண்டுத் திருத்தம் மாறுபடும் இடங்களில் அதைக் குறித்திருக்கிறேன்.

வீட்டு விதி என்றால் என்ன? டிஎம் நினைத்ததெல்லாம் வீட்டு விதியாகிவிடுமா?

ஆகாது. மேசையில் மூன்று வெவ்வேறு சங்கதிகளை ஒரே பெயரால் அழைப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். புத்தகமே "விரும்பினால் பயன்படுத்தலாம்" என்று தருவது விருப்ப விதி. 2014 பதிப்பில் ஃபீட் (கூடுதல் சிறப்புத் திறன்), மல்டிகிளாஸ் (ஒரே பாத்திரம் ஒன்றுக்கு மேற்பட்ட கிளாஸ்களில் லெவல் எடுப்பது), ஃப்ளாங்கிங் (எதிரியின் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்று தாக்குவது) ஆகிய மூன்றும் அந்த வகையைச் சேர்ந்தவை. புத்தகம் வாய் திறக்காத ஓர் இடத்தில், ஆட்டம் நின்றுவிடாமலிருக்க டிஎம் அந்த நேரத்துக்குச் சொல்வது தீர்ப்பு. புத்தகம் தெளிவாகச் சொன்ன ஒன்றை மாற்றி, இனி எப்போதும் இப்படித்தான் என்று மேசையில் இருக்கும் எல்லோரும் ஏற்றுக்கொள்வதுதான் வீட்டு விதி.

தாயம் ஆடியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. எத்தனை முறை தொடர்ந்து தாயம் விழுந்தால் செல்லாது, வெட்டாமல் உள்ளே ஏறலாமா என்பவற்றுக்கெல்லாம் வீட்டுக்கு வீடு வேறு பதில் உண்டு. ஆனால் காயை வெட்டிய பிறகு அந்தப் பதிலை யாரும் மாற்றுவதில்லை.

புத்தகத்தில் உள்ளபடியே ஆடினால் போதாதா?

போதும். முதல் முறை நடத்துகிறவர்கள் குறைந்தது ஐந்தாறு அமர்வுகள் அப்படியே ஆடிவிட்டுப் பிறகு மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து, ஏனெனில் வலிக்கும் இடம் எது என்று தெரியாமல் கட்டுப் போட முடியாது.

ஆனாலும் புத்தகத்தை மாற்றுவது குற்றமன்று. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் வெளியிட்ட முதல் பதிப்பில் ஃபைட்டிங் மேன், மேஜிக் யூசர், கிளெரிக் என்று மூன்றே கிளாஸ்கள் இருந்தன. இன்றைய ரோக்கின் முன்னோடியான தீஃப் அடுத்த ஆண்டு வந்த துணைநூலில்தான் சேர்ந்தது. மேசைகளில் வீட்டு விதியாகப் புழங்கியவை பின்னாளில் புத்தகத்திலேயே ஏறியதும் உண்டு. குணமாக்கும் மருந்தை, முதன்மைச் செயலோடு கூடவே செய்யக்கூடிய சிறு செயலான போனஸ் ஆக்‌ஷனில் குடிக்கலாம் என்று பல மேசைகள் ஆண்டுக்கணக்கில் ஆடிவந்தன. 2024 பதிப்பில் அது அச்சிட்ட விதியாகிவிட்டது.

எங்கள் மேசையில் விசர்டும் பாலடினும் மட்டுமே ஜொலிக்கிறார்கள். ஃபைட்டருக்கும் வார்லாக்குக்கும் கூடுதலாக என்ன திறன் கொடுக்கலாம்?

எதையும் கொடுப்பதற்கு முன், உங்கள் பாத்திரங்கள் ஒரு நாளில் எத்தனை முறை சண்டையிடுகிறார்கள், எத்தனை முறை ஓய்வெடுக்கிறார்கள் என்று கடந்த நான்கு அமர்வுகளை எண்ணிப் பாருங்கள். என்னிடம் வரும் "இந்த கிளாஸ் பலவீனம்" என்ற புகார்களில் பெரும்பாலானவை இந்த எண்ணிக்கையில்தான் போய் முடிகின்றன.

கிளாஸ்கள் இரண்டு தாளங்களில் எழுதப்பட்டிருக்கின்றன. ஃபைட்டரின் ஆக்‌ஷன் சர்ஜ், செகண்ட் விண்ட், மாங்கின் கி புள்ளிகள், வார்லாக்கின் ஸ்லாட்டுகள் (மந்திரம் போடும்போது ஒவ்வொன்றாகச் செலவாகும் இருப்பு) ஆகியவை ஒரு மணி நேர ஷார்ட் ரெஸ்ட்டிலேயே திரும்பிவிடும். விசர்ட், கிளெரிக், பாலடின் ஆகியோரின் ஸ்லாட்டுகள் எட்டு மணி நேர லாங் ரெஸ்ட்டில்தான் திரும்பும் (விசர்டுக்கு மட்டும் நாளுக்கு ஒருமுறை சிறிதளவு திரும்பப் பெறும் வழி உண்டு). 2014ஆம் ஆண்டின் டிஎம் கையேடு ஒரு சாகச நாளில் நடுத்தரமும் கடினமுமான ஆறு முதல் எட்டு மோதல்களும், இடையில் ஏறத்தாழ இரண்டு ஷார்ட் ரெஸ்ட்டும் இருக்கும் என்று கணக்கிடுகிறது. நடைமுறையிலோ மூன்று மணி நேர அமர்வில் ஒரு பெரிய சண்டை நடக்கும், பிறகு எல்லோரும் கூடாரம் போட்டுப் படுத்துவிடுவார்கள்.

ஐந்தாம் லெவலை எடுத்துக்கொள்ளுங்கள். விசர்டிடம் ஒன்பது ஸ்லாட்டுகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு மட்டுமே மூன்றாம் நிலை (நிலை கூடக் கூட மந்திரம் வலிமையாகும்). வார்லாக்கிடம் இருப்பவை இரண்டே ஸ்லாட்டுகள், ஆனால் இரண்டும் மூன்றாம் நிலை. நாளுக்கு இரண்டு ஷார்ட் ரெஸ்ட் கிடைத்தால் வார்லாக் ஆறு முறை மூன்றாம் நிலை மந்திரம் போடுவார். ஒன்றுமே கிடைக்காவிட்டால் இரண்டு முறையோடு அவர் கதை முடிந்தது. ஒரே பாத்திரத்தின் வலிமை மூன்று மடங்கு மாறுகிறது, அதற்கும் கிளாஸ் பக்கத்தில் எழுதியிருப்பதற்கும் தொடர்பே இல்லை. இந்த நிலையில் ஃபைட்டருக்குப் புதிய திறன் ஒன்றை எழுதிக் கொடுத்தால், நாளைக்குப் பாதாளக் கோட்டை ஒன்றில் ஆறு சண்டைகள் தொடர்ந்து வரும்போது அது மிதமிஞ்சி நிற்கும்.

அப்படியானால் ஷார்ட் ரெஸ்ட்டைக் குறைத்துவிடலாமா? ஒரு மணி நேரம் உட்கார எங்களுக்குக் கதையில் இடமே கிடைப்பதில்லை.

குறைக்கலாம், நான் மனமார ஆதரிக்கும் சில மாற்றங்களில் இதுவும் ஒன்று. பத்து நிமிட ஷார்ட் ரெஸ்ட், ஆனால் ஒரு லாங் ரெஸ்ட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு மட்டும் என்ற வரம்பு. இந்த வரம்பை விட்டுவிட்டால் ஒவ்வொரு கதவின் முன்பும் குழு பத்து நிமிடம் உட்கார்ந்துவிடும், வார்லாக் ஒவ்வொரு அறையிலும் முழு வலிமையோடு நுழைவார்.

டிஎம் கையேடே இரண்டு விருப்ப விதிகளைத் தருகிறது. ஒன்றில் ஷார்ட் ரெஸ்ட் 5 நிமிடம், லாங் ரெஸ்ட் 1 மணி நேரம். மற்றொன்றில் ஷார்ட் ரெஸ்ட் 8 மணி நேரம், லாங் ரெஸ்ட் 7 நாள். வாரத்துக்கு இரண்டு மூன்று மோதல்கள் மட்டுமே நடக்கும் பயணக் கதைகளுக்கு இரண்டாவது நன்றாகப் பொருந்தும், ஆனால் அது மந்திரங்களின் கால அளவைத் தொடுவதில்லை. எட்டு மணி நேரம் நிற்கும் மேஜ் ஆர்மர் என்ற கவச மந்திரம் சாதாரண ஆட்டத்தில் சாகச நாள் முழுவதையும் மூடிவிடும்; ஏழு நாள் ஓய்வு விதியில் அதே ஸ்லாட் ஒரு மோதலுக்குத்தான் உதவும். ஆகவே அந்த விதியை எடுத்துக்கொள்ளும் மேசை, மணிக்கணக்கில் நிற்கும் மந்திரங்களையும் நாள்கணக்குக்கு நீட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் விசர்ட் இரட்டைத் தண்டனை பெறுகிறார்.

தாக்கும்போது 1 விழுந்தால் ஆயுதம் கைநழுவும் என்று வைத்தோம். எல்லோருக்கும் சமமான விதிதானே, ஃபைட்டர் மட்டும் ஏன் கோபப்படுகிறார்?

சமமான விதி அன்று என்பதால்தான். இருபது முகப் பகடையை ஒருமுறை உருட்டினால் 1 விழும் வாய்ப்பு 5 சதவீதம். ஐந்தாம் லெவலில் இரண்டு முறை தாக்கும் ஃபைட்டருக்கு, ஒரு சுற்றில் ஒரு முறையாவது 1 விழும் வாய்ப்பு 9.75 சதவீதம், இருபதாம் லெவலில் நான்கு முறை தாக்கும்போது அது 18.5 சதவீதமாகிறது. உலகிலேயே சிறந்த வாள்வீரர் ஐந்தாறு சுற்றுக்கு ஒருமுறை வாளைக் கீழே போடுகிறார், நேற்றுப் பயிற்சியில் சேர்ந்தவர் இருபது சுற்றுக்கு ஒருமுறைதான் போடுகிறார். ஃபயர்பால் வீசும் விசர்டோ தாக்குதல் பகடையே உருட்டுவதில்லை. எதிரிகள்தான் சேவிங் த்ரோ (தப்பிப்பதற்கான பகடை) உருட்ட வேண்டும்.

ஒரு விதியை எழுதும் முன் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: இது யார் கைக்காசில் நடக்கிறது? 1 விழுந்தால் வேடிக்கையாக ஏதேனும் நடக்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருந்தால், ஒரு முறையின் (ஒரு சுற்றில் ஒருவருக்கு வரும் டர்னின்) முதல் தாக்குதலுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் விளைவு விவரிப்பில் இருக்கட்டும், ஆயுதத்தை இழப்பதில் வேண்டாம்.

ஸ்கில் சோதனையிலும் 20 என்றால் கட்டாய வெற்றி, 1 என்றால் கட்டாயத் தோல்வி. எல்லோரும் அப்படித்தானே ஆடுகிறார்கள்?

பலர் ஆடுகிறார்கள், ஆனால் புத்தக விதி அப்படியில்லை. கட்டாய வெற்றியும் தோல்வியும் 2014 பதிப்பில் தாக்குதல் உருட்டலுக்கு மட்டுமே உரியவை. கட்டாய வெற்றியால் பெரிய கேடில்லை, ஏனெனில் நடக்கவே முடியாத ஒன்றுக்கு டிஎம் பகடை உருட்டச் சொல்லாமல் இருந்துவிடலாம்.

கட்டாயத் தோல்விதான் ஒருவரின் கைக்காசைத் தொடுகிறது. பதினொன்றாம் லெவலில் ரோக்குக்குக் கிடைக்கும் ரிலையபிள் டேலன்ட் (2024இல் ஏழாம் லெவலுக்கு இறங்கியிருக்கிறது), அவர் தேர்ந்த ஸ்கில்களில் 9 அல்லது அதற்குக் கீழ் விழுந்ததை 10 ஆகக் கொள்ளச் சொல்கிறது. சொதப்பாமல் இருப்பதே அந்தத் திறனின் பொருள். 1 விழுந்தால் தோல்வி என்று நீங்கள் வைத்தால், பத்து லெவல் காத்திருந்து அவர் வாங்கிய உறுதியில் ஓட்டை விழுகிறது.

இரண்டு பேர் எதிரெதிர்ப் பக்கம் நின்றால் அட்வான்டேஜ் தருகிறோம். இதில் என்ன சிக்கல் வரும்?

கையேட்டில் உள்ள ஃப்ளாங்கிங் விருப்ப விதி இதுவே, எனவே நீங்கள் தவறாக ஆடவில்லை. சிக்கல், அட்வான்டேஜின் விலையில் இருக்கிறது. 11 அல்லது அதற்கு மேல் தேவைப்படும் தாக்குதலுக்குச் சாதாரணமாக 50 சதவீத வாய்ப்பு. இரண்டு பகடைகளில் பெரியதை எடுத்தால் அது 75 ஆகிறது. இவ்வளவு பெரிய பரிசை, நகர்ந்து நின்றதற்காக மட்டும் எல்லோருக்கும் தந்தால், அதை விலை கொடுத்து வாங்கியவர்கள் ஏமாந்து நிற்பார்கள். பார்பேரியனின் ரெக்லெஸ் அட்டாக் அட்வான்டேஜைத் தருகிறது. அதற்கு ஈடாக எதிரிகளும் அவர்மீது அட்வான்டேஜோடு தாக்குவார்கள். ஓநாய் டோட்டத்தைத் தேர்ந்த பார்பேரியன், தன் அருகில் நிற்கும் எதிரியைத் தாக்கும் தோழர்களுக்கு அட்வான்டேஜ் தருவதற்காகவே அந்த வழியில் போனவர். அவர்கள் இருவருக்கும் உங்கள் மேசையில் வேலையில்லை. மேலும், அட்வான்டேஜ் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காது என்பதால், அதைத் தரும் மந்திரங்களும் பயனற்றுப் போகின்றன.

அட்வான்டேஜுக்குப் பதிலாக +2 கொடுங்கள். மூன்றாம் பதிப்பில் ஃப்ளாங்கிங் அப்படித்தான் இருந்தது. வாய்ப்பு 10 சதவீதப் புள்ளி கூடும், வேறு யாருடைய திறனோடும் மோதாது.

ரோக்கின் ஸ்னீக் அட்டாக் ஒவ்வொரு சுற்றிலும் விழுகிறது. ஒளிந்திருந்து தாக்கினால் மட்டும் என்று மாற்றலாமா?

மாற்றாதீர்கள். பெயரைப் பார்த்து ஏமாறும் இடம் இது. அந்தத் திறனுக்கு ஒளிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. ஃபினெஸ் ஆயுதமோ (லாகவமாக வீசக்கூடியது) வில் போன்ற தொலைவு ஆயுதமோ கையில் இருந்து, அட்வான்டேஜ் கிடைத்தாலோ, தாக்குபவருக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடைகளில் சிறியதை எடுப்பது) இல்லாத நிலையில் இலக்கின் 5 அடிக்குள் அதன் வேறொரு எதிரி நின்றாலோ போதும்.

பகடைகளைக் கைநிறைய அள்ளி உருட்டுவதால் அது பெரிதாகத் தோன்றுகிறது. ஐந்தாம் லெவலில், குறுவாளோடு 18 டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) உள்ள ரோக் ஒருமுறை அடித்தால் சராசரி 18 சேதம் (1டி6, கூட்டல் 4, ஸ்னீக் அட்டாக் 3டி6; 3டி6 என்றால் ஆறுமுகப் பகடை மூன்று). பெருவாளோடு 18 ஸ்ட்ரெங்த் உள்ள ஃபைட்டர் இரண்டு முறையும் அடித்தால் சராசரி 22, ஆக்‌ஷன் சர்ஜ் இல்லாமலே. ரோக்கின் ஒரே தாக்குதல் தவறினால் அந்தச் சுற்றில் அவருக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஸ்னீக் அட்டாக் அவருடைய கூடுதல் வருமானம் அன்று, சம்பளம்.

தொடர்பான ஒரு நுணுக்கம்: விதி சொல்வது ஒரு முறைக்கு ஒன்று, ஒரு சுற்றுக்கு ஒன்று அன்று. எனவே எதிரி விலகி ஓடும்போது ரியாக்‌ஷனில் தாக்கினால், நிபந்தனை பொருந்தும் பட்சத்தில் அங்கும் அது செல்லும். இதைச் சுற்றுக்கு ஒன்றாகக் குறைக்கும் மேசைகள் உண்டு. எனக்கு அது தேவையாகப் பட்டதில்லை.

பாலடின் ஒரே முறையில் என் தலைமை வில்லனைக் கொன்றுவிட்டார். டிவைன் ஸ்மைட்டை என்ன செய்வது?

டிவைன் ஸ்மைட் என்பது ஒரு ஸ்லாட்டைச் செலவழித்து அடியின் சேதத்தைக் கூட்டும் திறன் என்பதால், முதலில் ஓய்வுக் கணக்கைப் பாருங்கள். மேலே வார்லாக்குக்குச் சொன்னதன் மறுபக்கம் இது. ஐந்தாம் லெவல் பாலடினிடம் முதல் நிலையில் நான்கும் இரண்டாம் நிலையில் இரண்டுமாக ஆறு ஸ்லாட்டுகள் உள்ளன. நாளுக்கு ஒரே சண்டை என்றால் ஆறையும் வில்லன் தலையிலேயே இறக்குவார். ஆறு சண்டை என்று தெரிந்தால் யோசித்துச் செலவழிப்பார்.

அதன் பிறகும் உறுத்தினால் விதியைத் தொடலாம். 2014 பதிப்பில் அடி விழுந்தது தெரிந்தபின் ஸ்மைட் செய்யலாம், ஒரே முறையில் இரண்டு தாக்குதலுக்கும் செய்யலாம். சேதப் பகடைகளை இரட்டிக்கும் கிரிட்டிக்கலான 20 விழுந்ததைப் பார்த்தபின் இரண்டாம் நிலை ஸ்லாட்டைப் போட்டால் 3டி8 இரட்டித்து 6டி8 ஆகும், சராசரி 13.5 என்பது 27 ஆகிவிடும். முறைக்கு ஒரு ஸ்மைட் என்ற ஒற்றை வரி இந்த உச்சத்தை அடக்கப் போதுமானது. 2024 பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போய் அதைப் போனஸ் ஆக்‌ஷனில் போடும் மந்திரமாக்கிவிட்டது. அதை அப்படியே எடுத்துக்கொள்கிறவர்கள் இரண்டு பக்க விளைவுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்: மந்திரம் என்பதால் எதிரி விசர்ட் அதைக் கவுன்டர்ஸ்பெல்லால் தடுக்க முயலலாம், ரேஜில் (ஆவேச நிலையில்) இருக்கும்போது மந்திரம் போட முடியாது என்பதால், பார்பேரியனும் பாலடினும் கலந்த பாத்திரம் ஒன்று உங்கள் மேசையில் இருந்தால் அது ஒரே நாளில் முடமாகிவிடும்.

மாங்க் ஸ்டன்னிங் ஸ்ட்ரைக்கைத் தொடர்ந்து போட்டு எல்லா எதிரியையும் நிறுத்திவிடுகிறார். ஒரு சேவிங் த்ரோ மட்டும் என்று வைக்கலாமா?

வைக்கலாம். ஐந்தாம் லெவல் மாங்கிடம் ஐந்து கி உண்டு. ஒன்றை ஃப்ளர்ரிக்கு (இரண்டு கூடுதல் அடிகளுக்கு) செலவிட்டால் மொத்தம் நான்கு அடிகள். நான்கும் பட்டால் மீதி நான்கையும் ஸ்டன்னுக்குப் போடலாம். எதிரி ஒவ்வொரு முறையும் 40 சதவீதம் தோற்பவர் என்றால், நான்கில் ஒன்றிலாவது தோற்கும் வாய்ப்பு ஏறத்தாழ 87 சதவீதம். மூன்று முறை தோல்வியைத் தவிர்க்கும் லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் உள்ள அரக்கனுக்குக்கூட இது பெரிய செலவு.

2024 பதிப்பு முறைக்கு ஒருமுறை என்று கட்டுப்படுத்தி, எதிரி தப்பித்தாலும் சிறு பாதிப்பு உண்டு என்று ஈடு செய்திருக்கிறது. கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டால் ஈட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2014 மாங்க் ஏற்கெனவே கி பற்றாக்குறையில் தவிக்கும் கிளாஸ். பாதி விதியை மட்டும் எடுப்பது அவரிடமிருந்து பிடுங்குவதாகும்.

டிரூயிட் இரண்டாம் லெவலிலேயே கரடியாகிவிடுகிறார். யாரும் அவர் பக்கத்தில் நிற்க முடியவில்லையே?

இரண்டாம் லெவலில் உண்மைதான். பழுப்புக் கரடிக்கு 34 உயிர்ப்புள்ளி. மூன் வட்டத்தைச் சேர்ந்த டிரூயிட் ஒரு ஷார்ட் ரெஸ்ட்டுக்கு இரண்டு முறை மாறலாம், அதாவது சொந்த உயிர்ப்புள்ளிக்கு மேல் இன்னும் 68. பக்கத்தில் நிற்கும் ஃபைட்டருக்கு 16 கான்ஸ்டிட்யூஷன் (உடலுரம்) இருந்தாலும் 22தான். ஆனால் ஐந்தாம் லெவலில் மற்றவர்கள் இரண்டாம் தாக்குதலும் மூன்றாம் நிலை மந்திரமும் பெறும்போது கரடி அங்கேயே நின்றுவிடும். குறுகிய காலத் தொடராக இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று அமர்வுகளில் தானே கரைந்துவிடும்.

ரேஞ்சருக்கு என்ன செய்யலாம்?

புதிதாக எதுவும் எழுத வேண்டாம். 2020இல் வந்த டாஷா நூல், பழைய ஃபேவர்ட் எனிமிக்கும் நேச்சுரல் எக்ஸ்ப்ளோரருக்கும் மாற்றான திறன்களைத் தருகிறது. அதை அனுமதித்தால் போதும். பழைய நேச்சுரல் எக்ஸ்ப்ளோரரின் குறை, அது வலிமை குறைந்தது என்பதன்று. தான் தேர்ந்த நிலப்பரப்பில் குழு மந்திரத்தால் அன்றி வழி தவறாது, உணவு தேடினால் இரட்டிப்பாகக் கிடைக்கும் என்று சொல்லிவிடுவதால், ரேஞ்சர் தன் திறமையைக் காட்ட வேண்டிய காட்சியே ஆட்டத்திலிருந்து மறைந்துபோகிறது; வேறு நிலப்பரப்புக்குப் போனாலோ அவரிடம் அந்தத் திறன் ஒன்றுமே இல்லை.

மல்டிகிளாஸை முழுவதும் தடை செய்துவிடலாமா? இரண்டு லெவல் வார்லாக் எடுத்துவிட்டு எல்லோரையும் விஞ்சிவிடுகிறார்கள்.

விருப்ப விதி என்பதால் தடை செய்ய உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் கொசுவுக்குப் பயந்து கோட்டையை இடிப்பது போலாகும். சிக்கல் தருபவை மூன்று நான்கு இணைப்புகளே. அவற்றில் முதன்மையானது வார்லாக்கின் தாக்குதல் மந்திரமான எல்ட்ரிச் பிளாஸ்ட். அதன் கதிர்கள் 5, 11, 17ஆம் லெவல்களில் கூடுகின்றன. அந்த லெவல் வார்லாக் லெவல் அன்று, பாத்திரத்தின் மொத்த லெவல். இரண்டு லெவல் வார்லாக்கில் அகனைசிங் பிளாஸ்ட் எடுத்துவிட்டு மீதி பதினைந்தைச் சார்சரரில் போட்டவர், பதினேழாம் லெவலில் நான்கு கதிர்களின் சேதத்திலும் கரிஸ்மா (ஆளுமை) மதிப்பைச் சேர்ப்பார், இரண்டு சார்சரி புள்ளி செலவழித்துப் போனஸ் ஆக்‌ஷனில் இன்னும் நான்கு விடுவார். கதிர்களின் எண்ணிக்கையை வார்லாக் லெவலோடு கட்டுவது பரவலான வீட்டு விதி. மற்ற கேன்ட்ரிப்கள் (ஸ்லாட் செலவாகாத மந்திரங்கள்) எல்லாம் மொத்த லெவலோடுதான் வளர்கின்றன என்பதால், கதிர்களை விட்டுவிட்டு, அகனைசிங் பிளாஸ்ட்டின் கூடுதலை மட்டும் வார்லாக் லெவலுக்கு உரிய கதிர்களோடு நிறுத்துவதையே நான் விரும்புகிறேன்.

அடுத்தது, தூங்காமல் திரிவதால் காபியின் பெயர் பெற்ற காஃபிலாக். ஷார்ட் ரெஸ்ட்டில் திரும்பும் வார்லாக் ஸ்லாட்டைச் சார்சரி புள்ளியாக்கி, அதைச் சார்சரர் ஸ்லாட்டாக்கி, மறுபடி ஷார்ட் ரெஸ்ட் எடுத்துச் சேர்த்துக்கொண்டே போவது. இப்படி உண்டாக்கிய ஸ்லாட்டுகள் லாங் ரெஸ்ட்டில்தான் மறையும் என்பதால் அவர் தூங்குவதேயில்லை. 2017இல் வந்த சனதார் நூல், லாங் ரெஸ்ட் இல்லாத ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும் ஒரு கான்ஸ்டிட்யூஷன் சேவிங் த்ரோ என்று விருப்ப விதி தந்தது. இலக்கு 10இல் தொடங்கி ஒவ்வொரு நாளும் 5 கூடும், தோற்றால் களைப்பு ஒரு படி ஏறும். நாளுக்கு இரண்டு ஷார்ட் ரெஸ்ட் என்று முன்பு சொன்ன வரம்பு இருந்தால் இந்தச் சேர்ப்பு பெருமளவு சுருங்கிவிடும். வார்லாக் ஸ்லாட்டைப் புள்ளியாக மாற்ற முடியாது என்ற ஒற்றை வரி அதை முழுதாக மூடிவிடும்.

மூன்றாவது, ஒரே ஒரு லெவல் ஹெக்ஸ்பிளேடு (வார்லாக்கின் ஒரு சப்கிளாஸ், அதாவது உட்பிரிவு) எடுத்து கரிஸ்மாவால் வாள் வீசும் பாலடின். 2024 பதிப்பு எல்லா சப்கிளாஸையும் மூன்றாம் லெவலுக்குத் தள்ளியது, ஆனால் அதே பதிப்பில் பேக்ட் ஆஃப் த பிளேடு என்ற வார்லாக் திறன் முதல் லெவலிலேயே கிடைத்து அதே வேலையைச் செய்கிறது. எழுதியவர்களே விட்டுவைத்ததை நான் தடுப்பதில்லை.

கிரிட்டிக்கல் அடிக்கு, ஒரு பங்கு பகடை முழு மதிப்பு, மறு பங்கை உருட்டுவது என்று வைத்திருக்கிறோம். ஆட்டக்காரர்கள் எல்லோரும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள்?

மான்ஸ்டர்களும் அதே விதியில் அடிக்கின்றனவா என்று கேளுங்கள். ஒரு தொடர் முழுவதிலும் எந்தத் தனி மான்ஸ்டரும் வாங்குவதைவிட ஒரு பாத்திரம் வாங்கும் தாக்குதல்கள் மிக அதிகம். மான்ஸ்டர் ஒரு சண்டையோடு போய்விடும். கோப்ளின் ஒன்றின் வளைவாள் 1டி6 கூட்டல் 2. புத்தக விதிப்படி கிரிட்டிக்கலில் 2டி6 கூட்டல் 2. முதல் லெவலில் 14 கான்ஸ்டிட்யூஷன் உள்ள விசர்டின் 8 உயிர்ப்புள்ளியை அது ஒரே அடியில் தீர்க்கும் வாய்ப்பு 72 சதவீதம். உங்கள் விதியில் மிகக் குறைந்த சேதமே 9. அந்த விசர்ட் தப்பிக்கவே முடியாது. மூன்றாம் லெவல் வரை மான்ஸ்டர்களுக்கு இதைக் கொடுக்காதீர்கள், அல்லது பாத்திரங்களுக்கு மட்டும் என்று வெளிப்படையாக எழுதிவையுங்கள். பாத்திரங்களுக்கு மட்டும் வைத்தாலும், ஒரே அடியில் பகடைகளைக் குவிக்கும் ரோக்குக்கும் பாலடினுக்கும் இதில் லாபம் மிகுதி.

2014 புத்தகத்தையும் 2024 புத்தகத்தையும் கலந்து ஆடலாமா?

ஒரு பாத்திரத்தின் கிளாஸ் முழுவதும் ஒரே புத்தகத்திலிருந்து வர வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு ஆடலாம். 2014 பாலடினுக்கு 2024 ஆயுதத் தேர்ச்சியும், 2014 ஸ்மைட்டும் சேர்த்துக் கேட்பவர்கள் உண்டு. மாங்க் பற்றிச் சொன்னது இங்கும் பொருந்தும்: கட்டுப்பாடும் ஈடும் ஒரே பொட்டலம்.

தொடரின் நடுவில் விதியை மாற்றினால் நியாயமா?

திறனைக் கூட்டும் மாற்றம் என்றால் அடுத்த அமர்விலிருந்தே தொடங்கலாம். குறைக்கும் மாற்றம் என்றால், பாதிக்கப்படும் ஆட்டக்காரர் தன் பாத்திரத்தை மறுபடி கட்டிக்கொள்ள அனுமதிக்க வேண்டும். சப்கிளாஸ், ஃபீட், மல்டிகிளாஸ் எல்லாவற்றையும் சேர்த்து. எங்கள் மேசையில் எந்த மாற்றமும் மூன்று அமர்வுக்குச் சோதனைதான், பிறகு கையொப்பமிடுவது போல ஒரே ஒரு தாளில் ஏறும். தாளின் இரண்டாம் பக்கம் தொடங்கும்போது பழைய விதி ஒன்றை நீக்க வேண்டும் என்றும் வைத்திருக்கிறோம்.

நாங்கள் எழுதிய விதிகளைத் தொகுத்து வெளியிடலாமா?

2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் வணிக நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம். 2024 விதிகளுக்கான தொகுப்பு 2025இல் அதே உரிமத்தில் வந்தது. கவனிக்க வேண்டியது: 5.1 தொகுப்பில் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரே ஒரு சப்கிளாஸ்தான் இருக்கிறது. மேலே பேசிய மூன் வட்டமும் ஹெக்ஸ்பிளேடும் அதில் இல்லை, எனவே அவற்றின் பாடத்தை எடுத்தெழுத அந்த உரிமம் இடம் தருவதில்லை. உங்கள் மாற்றத்தை மட்டும் உங்கள் சொற்களில் எழுதுங்கள்.

ஐந்து பேரில் நான்கு பேர் ஒரு விதிக்கு ஒப்புக்கொண்டார்கள், ஒருவர் மட்டும் மறுக்கிறார். பெரும்பான்மைப்படி முடிவெடுக்கலாமா?

மறுப்பவர் என்ன கிளாஸ் ஆடுகிறார் என்று பாருங்கள். ஃப்ளாங்கிங்குக்கு மறுப்பவர் பார்பேரியனாக இருந்தால், 1 விழுந்தால் ஆயுதம் நழுவும் விதிக்கு மறுப்பவர் ஃபைட்டராக இருந்தால், அங்கே வாக்கெடுப்புக்கே இடமில்லை. நான்கு பேர் கூடி ஐந்தாமவரின் திறனைப் பங்கிட்டுக்கொள்ள அவர் சம்மதம் வேண்டும். மறுப்பவரின் பாத்திரத்தை அந்த விதி தொடவே இல்லை என்றால், மூன்று அமர்வுச் சோதனைக்கு அவரைக் கேட்டுப் பாருங்கள்.